மாமா கேசட்டில் மறைந்திருந்த பக்கங்கள்

சிங்கப்பூரிலிருந்து மாமா 1994-ல் கொண்டு வந்த வி.ஹெச்.எஸ். கேசட் ஒன்று திருவெண்ணெய்நல்லூர் வீட்டுப் பரணில் கிடந்தது. அங்கத்திய டிவியில் பதிந்த தீபாவளி நிகழ்ச்சி. விழுப்புரத்தில் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். ஆட்டம், பாட்டு எல்லாம் வந்தது. அதே நாடாவில் இருந்த டெலிடெக்ஸ்ட் மட்டும் வரவில்லை.

அனலாக் டிவியில் ஒரு படச்சட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், திரையில் தெரியாத சில கோடுகள் சும்மா வந்து போகும். அவற்றில் எழுத்துகளை ஏற்றி அனுப்புவதுதான் டெலிடெக்ஸ்ட். பிபிசி இதை 1974 முதல் 2012 வரை நடத்தியது. தூர்தர்ஷன் 1985-ல் டெல்லியில் ‘இன்டெக்ஸ்ட்’ என்று தொடங்கியது. சிங்கப்பூரில் 2013 வரை இருந்தது. கேசட்டை வீடியோ ஃபைலாக மாற்றும்போது இந்தக் கோடுகள் வெட்டுப்பட்டுப் போகின்றன.

அவற்றை மீட்க லினக்ஸ்தான் கைகொடுத்தது. முதலில் வாங்கிய யூ.எஸ்.பி. கேப்சர் குச்சி படத்தை மட்டும் தந்தது, கோடுகளைத் தரவில்லை. பிறகு சென்னை ரிச்சி தெருவில் பிடி878 சிப் வைத்த பழைய பி.சி.ஐ. டிவி கார்டு கிடைத்தது. பழைய டெஸ்க்டாப்பில் செருகியதும் லினக்ஸின் ‘பிடிடிவி’ டிரைவர் அதை அடையாளம் கண்டு, கோடுகளுக்கென்றே ‘விபிஐ0’ என்று தனி வாசல் திறந்துவிட்டது.

நேரலையில் வரும் பக்கங்களைப் படிக்க ‘அலெவ்டி’ நல்ல மென்பொருள். கேசட்டில் அது திணறுகிறது. டெலிடெக்ஸ்ட் நொடிக்குச் சுமார் 69 லட்சம் பிட் வேகத்தில் வருகிறது; வி.ஹெச்.எஸ். நாடா அந்த வேகத்தைத் தாங்காமல் எழுத்துகளை ஒன்றோடொன்று இழுகிவிடுகிறது. இதற்கென்றே அலிஸ்டர் பக்ஸ்டன் எழுதிய ‘விஹெச்எஸ்-டெலிடெக்ஸ்ட்’ இருக்கிறது. இழுகிய அலை எந்த எழுத்தாக இருந்திருக்கும் என்று வடிவம் பார்த்துக் கண்டுபிடிக்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால், பல பிரதிகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கவும் முடிகிறது.

மாமா கேசட்டில் மீண்ட விமான நேரப் பக்கத்தின் பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் பிரதியில் ‘எம்’முக்குப் பின் ஒரு கட்டம், ஒரு கேள்விக்குறி, பிறகு ‘ராஸ்’. பத்துப் பதினைந்து பிரதிகளைச் சேர்த்ததும் மஞ்சள் எழுத்தில் ‘மெட்ராஸ்’ துலங்கியது. வரிக்கு நாற்பது எழுத்து, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குறைகளும் உண்டு. எல்லாம் கட்டளை வரியில்தான்; பழகாதவர்களுக்குச் சிரமம். என்விடியா கார்டு இருந்தால் வேகம் கூடும். என்னிடம் இல்லாததால் ஒரு மணி நேர நாடாவுக்கு ராத்திரி முழுக்க ஓடியது. ஒரே முறை வந்த பக்கங்கள் இன்னும் சிதைந்தே இருக்கின்றன.

ஆனாலும் செய்யுங்கள், பதிவு எடுக்கும்போதே கோடுகளின் மூல அலையைச் சேமியுங்கள். மணிக்கு 6 ஜிபி பிடிக்கும், பிடிக்கட்டும். பெரியபுராணத்தில், முதியவராக வந்த சிவன் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் கிழித்தார்; அது படியோலை, அதாவது நகல். மூல ஓலை பத்திரமாக இருந்ததால்தான் எங்கள் ஊரில் அந்த வழக்கு நின்றது. பிழை நீக்கும் மென்பொருள் நாளைக்கு இன்னும் தேறும். மூலப் பதிவு கையில் இருந்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

பரணில் இன்னும் நான்கு கேசட் இருக்கின்றன. இரண்டில் வெள்ளைப் பூஞ்சை. அப்படிப்பட்டதைத் துடைக்காமல் வி.சி.ஆரில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவையும் கெடுத்துவிடும்.