எரிமலைகள் போதும்!

ஆண்டுதோறும் சனவரி பிறந்தால் எங்கள் நந்தனத்துக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெறுவதால், மாலை வேளைகளில் அண்ணா சாலையே குழந்தைகளும் பெற்றோருமாய் நிறைந்து காணப்படும். அடுத்து வருவது பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். 1928இல் அந்நாளில் இராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூர்ந்து, 1987 முதல் நாம் அதைக் கொண்டாடி வருகிறோம். பள்ளிகள்தோறும் அறிவியல் கண்காட்சிகள் நடைபெறும் காலமும் அதுவே.

இந்த நாள்களில் இயற்பியல் ஆசிரியனாகிய என்னிடம் அக்கம்பக்கத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், பையன் மூணாம் வகுப்புதான் படிக்கிறான். சுலபமா இருக்கணும், ஆனா யாரும் செய்யாததா இருக்கணும். ஒரு புராஜெக்ட் சொல்லுங்களேன்!"

கேள்வி நியாயமானதே. ஆனால் எளிமை, புதுமை ஆகிய இரண்டு சொற்களுக்கும் நாம் கொண்டிருக்கும் பொருள்தான் தவறு என்பது என் கருத்து. அதை விளக்க, உங்களை ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் செல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நீங்கள் அறிந்த எந்தப் பள்ளியாகவும் அது இருக்கலாம்.

முதல் மேசையில் எரிமலை. தெர்மாகோல் மலையின் உச்சியில் ஆப்பசோடா. அதில் வினிகரை ஊற்றியதும் சிவப்பு நுரை பொங்கி வழிகிறது. சிறுவர்கள் கைதட்டுகிறார்கள். நடந்தது என்ன? ஓர் அமிலமும் ஒரு காரப்பொருளும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு வெளிவந்தது. அந்தமானிலுள்ள பாரன் தீவு எரிமலையில் யாரும் வினிகர் ஊற்றுவதில்லை. அங்கே பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பில் நீராவி முதலிய வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வரவர அழுத்தம் குறைகிறது. வாயுக்கள் குமிழ்களாகப் பிரிந்து குழம்பைத் தள்ளுகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறக்கும்போது நிகழ்வதே இதற்கு நெருங்கிய உவமை. ஆக, அந்த மேசையில் இருந்தது எரிமலையின் உருவம் மட்டுமே; எரிமலையின் அறிவியல் அன்று.

அடுத்த மேசையில் ஒரு சிறுமி. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறாள். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் உள்ளது. அது எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தை நீர் நிரப்பியது" என்று ஒப்பிக்கிறாள். ஓர் எழுத்துப் பிழையில்லை. நடுவராக நின்ற நானும் அவளுக்குப் பரிசு வழங்கினேன்.

அன்றிரவு என் மனம் அமைதியடையவில்லை. ஏனெனில் அவள் சொன்ன விளக்கம் தவறு. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது இதே விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். பின்னர் பிழையை உணர்ந்தவன். இருந்தும் அந்தச் சிறுமியிடம் நான் வாய்திறக்கவில்லை.

பிழை எங்கே என்பதை நீங்களே காணலாம். பெரியவர் ஒருவர் உடனிருந்து மெழுகுவத்தியை ஏற்றட்டும். சுடர் எரியும்போது நீர் அதிகம் ஏறுவதில்லை. அணைந்த பிறகே விரைந்து ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் எரியும்போதே அல்லவா சீராக ஏற வேண்டும்? உண்மையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதமாகக் குறைந்தாலே மெழுகுவத்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டைஆக்சைடும் உண்டாகிறது. முதன்மைக் காரணம் வெப்பமே. டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றிய காற்று சூடாகி விரிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி விளிம்பின் வழியே குமிழியிட்டு வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது.

ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்று வைத்துப் பாருங்கள். நீர் முன்னிலும் உயரமாக ஏறும். டம்ளர் அதேதான், அதிலுள்ள ஆக்சிஜனும் அதேதான். பிறகு உயரம் ஏன் மாறியது? இந்தக் கேள்வியை அந்தச் சிறுமி எழுப்பியிருந்தால் அவளுடையதே கண்காட்சியின் மிகச் சிறந்த ஆய்வாக இருந்திருக்கும். அதற்குத் தேவைப்பட்டது கூடுதலாக இரண்டு மெழுகுவத்திகளே. ஆனால் நாம் அவளுக்குக் கேள்வியைக் கொடுக்கவில்லை. விடையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம்.

என் குறை இதுதான். பெற்றோர் தேடுவது புதிய பொருளை. குழந்தைக்குத் தேவை புதிய கேள்வி. உலகில் எவரும் செய்யாத ஒன்றை எட்டு வயதுப் பிள்ளை செய்ய வேண்டியதில்லை. செய்து முடிக்கும்வரை விடை அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால் போதும், அது புதுமையே. அதுபோல, எளிமை என்பது கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதன்று. பிள்ளை தன் கையால், பிறர் துணையின்றித் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதே எளிமை.

நல்ல வழிகாட்டு முயற்சிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, களத்தில் தகவல் திரட்டி, நாள்தோறும் குறிப்பெழுதி ஆராயும்படி மாணவர்களை ஊக்குவிக்கிறது. மிகச் சரியான அணுகுமுறை. ஆனால் அது 10 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. அதற்குக் கீழுள்ள சிறுவர்கள் தெர்மாகோலுக்கே விடப்பட்டுவிட்டார்கள். ஒரு குறிப்பேடும் அடிக்கோலும் கொண்டு அதே முறையை எட்டு வயதிலேயே தொடங்கலாம் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

எடுத்துக்காட்டாக, கண்காட்சிதோறும் தவறாமல் இடம்பெறும் மழைநீர்ச் சேகரிப்பு மாதிரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் இந்த அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அட்டை வீட்டில் நீலக் குழாய் ஒட்டியிருக்கும் பிள்ளையிடம், "உன் வீட்டு மாடியில் நேற்று எவ்வளவு மழை பெய்தது?" என்று கேட்டால் விழிக்கிறான். கேள்வியை அங்கிருந்தே தொடங்கினால் என்ன?

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான சுவர் கொண்ட இரண்டு கலங்கள் வேண்டும். ஒன்று அகலமான டப்பா, மற்றது குறுகலான டம்ளர். மரமோ சுவரோ மறைக்காத இடமாகப் பார்த்து மொட்டைமாடியில் இரண்டையும் வையுங்கள். மழைக்கு முன்பே பிள்ளையைக் கேளுங்கள்: "எதில் நீர் உயரமாக நிற்கும்?" பல பிள்ளைகள் பெரிய டப்பாவையே காட்டுவார்கள். காலையில் அடிக்கோலை வைத்து அளந்தால் இரண்டிலும் உயரம் ஏறக்குறைய ஒன்றே! பெரிய வாய் அதிக மழையை வாங்குகிறது. ஆனால் அதைப் பெரிய தரையில் பரப்பிவிடுகிறது. மழையை லிட்டரில் கூறாமல் மில்லிமீட்டரில் கூறுவது ஏன் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறான். 1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர். இப்போது அந்த நீலக் குழாய்க்குப் பொருள் கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு படி செல்லலாம். வானிலைத் துறை காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மழையைக் கணக்கிடுகிறது. சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள் செய்தித்தாளில் வரும். எங்கள் நந்தனம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. நம் மாடியில் பெய்தது எதனுடன் ஒத்துப்போகிறது? இது வெறும் விளையாட்டன்று. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 செ.மீ., தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரே நகரம், ஒரே நாள்! அந்த நாளில் அடையாற்றின் கரையில் வாழ்ந்த எவருக்கும் இந்த வேறுபாட்டின் பொருளை விளக்கத் தேவையில்லை. ஓர் உழவு மழை, ஈருழவு மழை என்று நம் உழவர்கள் மண் நனைந்த ஆழத்தைக் கொண்டு மழையை மதிப்பிட்டதும் இதே தேவையால்தான்.

"சனவரியில் மழைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு புராஜெக்ட் தேடுவதே நம் நோயின் வேர். இயற்கை நம் அழைப்பிதழைப் பார்த்து வருவதில்லை. மழையை அளக்க ஐப்பசியில் தொடங்க வேண்டும். ஆயினும் வழியுண்டு. அதே கலங்களில் நீர் ஊற்றி, ஒரு சோடியை வெயிலிலும் மற்றொரு சோடியை நிழலிலும் வைத்து, நாள்தோறும் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம். வெயில், காற்று, கலத்தின் விளிம்பு ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கும் விடை அது. உங்கள் மாடிக்குரிய விடையை எந்த நூலிலும் பார்த்து எழுத முடியாது. இடையே ஒரு நாள் காகம் குடித்துவிட்டால், "காகம் குடித்தது" என்றே பிள்ளை எழுதட்டும். அந்த வரியை அழித்துவிட்டு அழகான எண்ணைப் போடச் சொல்லாதீர்கள். அறிவியலின் நேர்மை அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளையின் மேசைக்கு முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "நீ எதைத் தெரிந்துகொள்ள விரும்பினாய்? எதை அளந்தாய்? நீ நினைத்தது எங்கே தவறாயிற்று?" மூன்றுக்கும் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் விடை சொன்னால், மேசையில் துருப்பிடித்த டப்பா ஒன்றே இருந்தாலும் அது சிறந்த ஆய்வே.

நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்ணத்தாளுக்கு மதிப்பெண் தருவதை நிறுத்துவோம். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்போம். இவ்வாண்டு எங்கேனும் ஒரு மேசையில் கவிழ்த்த டம்ளரைக் கண்டால், நான் பரிசுத் தாளை எடுக்கப் போவதில்லை. கைப்பையிலிருந்து இரண்டு மெழுகுவத்திகளை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுக்கப் போகிறேன்.