படித்துக் கொடுத்த நூல்கள்

நூல் வாசிப்பைத் தனிமையின் இன்பமாகப் பேசுவது நம் காலத்து வழக்கம். சாத்திய கதவு, மேசை விளக்கு, மௌனம் ஆகியவையே வாசகனின் உலகம் என்று எண்ணிக்கொள்கிறோம். வாசிப்பின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அச்சு இயந்திரம் நூலை மலிவாக்கும் வரையில், ஒருவர் ஓதப் பலர் கேட்பதே பெரும்பாலான சமூகங்களில் வாசிப்பின் பொது முறையாக இருந்தது. ஏடு ஒன்று, செவிகள் பல. புலவர் தம் காவியத்தை அவையில் அரங்கேற்றிய தமிழ் மரபும், ஆசிரியர் முன் அமர்ந்து நூலை ஓதிக் காட்டிய அரபு மரபும் இவ்வகையில் ஒன்றே.

நண்பர்களோடு நூலைப் பகிர்ந்துகொள்வது இனியது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. அந்த இனிமை எதனால் நிலைக்கிறது, எதனால் கெடுகிறது என்பதே ஆராய வேண்டிய வினா. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மலைத்தொடரின் அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய இரண்டு ஊர்களை முன்வைத்து இவ்வினாவை அணுகலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழுக்கு மூலமான வைணவக் கதை தமிழர் அனைவரும் அறிந்தது. இறைவனுக்கென்று தொடுத்த மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்துப் பின்னர் கொடுத்தாள் என்பது அக்கதை. அதனைத் தெலுங்கில் காவியமாக்கியவர் 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர். அந்நூலின் பெயர் ஆமுக்தமால்யதா. சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பது அதன் பொருள். தமிழகத்தின் தென்கோடியில் பிறந்த ஒரு கதை, வடக்கே துங்கபத்திரைக் கரையில் ஆட்சி புரிந்த அரசனின் கையில் வேறொரு மொழியின் பெருங்காப்பியங்களுள் ஒன்றாயிற்று.

ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அக்காவியம் தமிழுக்குத் திரும்பியது. திருப்பிக் கொணர்ந்தவர் பக்கத்து ஊராகிய இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா (1933-2008). அவரது தமிழாக்கம் 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் ராஜாக்களின் சமூகம் வாழும் ஊர் இராசபாளையம். அத்தகைய ஊரிலிருந்து இப்பணி நிகழ்ந்தது பொருத்தமே. பிராகிருத மொழியின் காதாசப்தசதியையும் அவர் தமிழுக்குத் தந்தார். தம் ஊரில் மணிமேகலை மன்றம் என்னும் இலக்கிய அமைப்பையும் நடத்தினார். பல மொழிகளைக் கற்றவர் அக்கல்வியைத் தம்மோடு வைத்துக்கொண்டு இன்புற்றிருக்கலாம். தாம் படித்ததை அம்மொழி அறியாத நண்பருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டும் என்னும் தவிப்பே மொழிபெயர்ப்பாளரை உருவாக்குகிறது. நூலை இரவல் கொடுப்பதும் மொழிபெயர்ப்பதும் ஒரே குணத்தின் இரு செயல்கள்.

அம்மாலைக் கதையின் சமயப் பொருள் வைணவர்க்கு உரியது. அதன் படிமம் வாசகர் அனைவர்க்கும் பொதுவானது. நண்பர் படித்துக் கொடுத்த நூல், கடையில் வாங்கிய புது நூலினின்றும் வேறுபட்டது. எந்தப் பக்கத்தில் அவர் நின்றார், எந்த வரியில் மனம் தோய்ந்தார் என்பதன் சுவடு அதில் இருக்கிறது. அச்சுவடு நம்மை வழிநடத்தவும் கூடும்; நம் கண்ணை மறைக்கவும் கூடும்.

தனி நண்பர்களுக்கு இடையே நிகழும் இக்கொடுக்கல் வாங்கலை ஊர்ப் பொதுவாக்கும் நிறுவனமே நூலகம். ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் பொது நூலகம் 1875இல் தோன்றியது. அப்போது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டக் கலெக்டரின் பெயரே நூலகத்துக்கு இடப்பட்டது. சென்னை கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது 1948இல். தலைநகரின் பெரிய நூலகத்துக்கு 21 ஆண்டுகளும், சட்டத்துக்கு 73 ஆண்டுகளும் முற்பட்டு ஒரு சிற்றூர் நூலகம் பெற்றிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இராசபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவும் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடையாக அளித்தார். தனியுடைமை பொதுவுடைமையாகும் இத்தகைய செயலுக்கு நம் மரபில் வக்ஃபு என்று பெயர்.

இஸ்லாமிய அறிவு மரபு நூல் இரவலைப் பற்றி நுணுகிச் சிந்தித்திருக்கிறது. யாகூத் அல்ஹமவீ தமது புவியியல் அகராதியில் மர்வு நகரின் பத்து நூலகங்களைப் பற்றி எழுதுகிறார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எப்போதும் தம் இருப்பிடத்தில் இருந்தன என்றும், பெரும்பாலானவற்றை ஈடு எதுவும் பெறாமலே தமக்குத் தந்தனர் என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். மங்கோலியப் படையெடுப்பு நெருங்கிய காலத்தில் அவர் அந்நகரை விட்டு வெளியேறினார். 1221இல் மர்வு அழிந்தது. ஈடு கேளாமல் நூல் கொடுத்த அந்நகரத்தாரின் பெருந்தன்மை, இரவல் பெற்றவரின் எழுத்தில் இன்றும் வாழ்கிறது.

இமாம் இப்னு ஜமாஆ (ரஹ்) (1241-1333), ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய ஒழுக்கங்களைப் பற்றி ஹிஜ்ரி 672இல் (கி.பி. 1273) எழுதிய நூலில், நூல்களைக் கையாளும் அதபுக்கென்று தனி இயலையே ஒதுக்கினார். தீங்கு நேராது என்னும் நிலையில் நூலை இரவல் கொடுப்பது விரும்பத்தக்கது என்கிறார். இரவல் பெற்றவர் கொடுத்தவருக்கு நன்றி கூற வேண்டும். தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. உரியவரின் இசைவின்றி ஓரங்களில் எழுதவோ, பிழை திருத்தவோ, மற்றொருவருக்குக் கைமாற்றவோ கூடாது. நூலைத் தலையணையாகவும் விசிறியாகவும் ஆக்கக் கூடாது. தாளின் முனையை மடிக்கக் கூடாது. ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இவ்விதிகளைப் படிக்கும் எவரும், தம் அலமாரியிலிருந்து சென்று திரும்பாத நூல்களை நினையாமல் இருக்க முடியாது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி திருமறை (4:58) பணிக்கிறது. இரவல் நூலை அமானிதம் என்று கருதும் சமூகத்தில்தான் கொடுப்பவரின் கை தயங்காது நீளும். ஒருவர் திருப்பித் தராத ஒரு நூல், அடுத்துக் கேட்கவரும் பத்துப் பேருக்கு முன் கதவைச் சாத்திவிடுகிறது.

இம்மரபு மற்றொன்றையும் வற்புறுத்தியது. படியெடுத்த நூலை மூலத்தோடு ஒப்பிட்டு ஓதிப் பிழை களைதல் வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். ஒருவர் ஓத, மற்றவர் தம் படியைப் பார்த்துத் திருத்துவார். கூட்டமாக அமர்ந்து நூல் கேட்டவர்களின் பெயர்களை அந்நூலின் ஏட்டிலேயே பதிவு செய்யும் வழக்கமும் இருந்தது. ஸமாஉ எனப்படும் இச்சான்றுகள் டமாஸ்கஸ் நகரத்து ஏடுகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அறிஞரோடு கைவினைஞரும், பெண்களும், சிறுவரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். தாமதமாக வந்தவர் யார், இடையில் உறங்கியவர் யார் என்பதைக் குறித்து வைத்த ஏடுகளும் உண்டு. நண்பர்கள் என்பதற்காகச் சலுகை காட்டப்படவில்லை. சேர்ந்து வாசிப்பதன் இன்பமும் சேர்ந்து சரிபார்ப்பதன் கண்டிப்பும் அங்கே ஒரே அமர்வில் இணைந்திருந்தன.

இந்த அளவுகோலைக் கொண்டு தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற நண்பர் குழாத்தை மதிப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே, திருநெல்வேலியில், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) தம் வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்தார். வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அக்கூட்டத்தில் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் போன்றோர் திளைத்தனர். பண்டிதரின் உரைக் குவியலில் புதைந்து கிடந்த கவிதையை வெளியே எடுத்து, ஓசையும் உணர்ச்சியும் துலங்க ஓதிக்காட்டி, படிப்பாளி அல்லாதவருக்கும் அது சொந்தமானது என்று உணர்த்திய பெருமை வட்டத்தொட்டிக்கு உண்டு. கவிதையைச் சேர்ந்து சுவைக்க ஒரு தலைமுறைக்கே அது கற்றுக்கொடுத்தது.

எனினும் அங்கே முகாபலாவின் இடம் வெறுமையாக இருந்தது. தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று டி. கே. சி. பெருமளவில் ஒதுக்கினார். சொற்களையும் தம் செவிக்கு இசைந்தவாறு மாற்றினார். ஏட்டுச் சான்றைக் கோரிய புலவர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவரது சுவையின் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரே சுவையுடைய நண்பர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே செல்லும்போது, நூல் தன் இயல்பை இழந்து அக்குழுவின் கண்ணாடியாகிவிடும் அபாயத்தை அங்கே காண்கிறோம். இரவல் பெற்ற நூலில் உரியவரின் இசைவின்றித் திருத்தம் செய்யாதே என்னும் விதி, காகிதத்துக்கு மட்டும் உரியதன்று. கவிஞனும் ஓர் உரிமையாளனே.

இதற்கு மாறான முன்மாதிரிகளும் நம்மிடம் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏடுகளாக ஊர்தோறும் சிதறிக் கிடந்த காலத்தில், அவற்றைத் தேடித் திரட்டி ஒப்பிட்டு 1842இல் அச்சேற்றினார் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் (ரஹ்). ஏடு வைத்திருந்தவர்கள் அதனைக் கொடுக்க மறுத்திருந்தால் அப்பதிப்பு இல்லை. பெற்றவர் ஒப்பிட்டுப் பார்க்காதிருந்தால் அதற்கு மதிப்பில்லை. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயில் (1921-2005) மற்றொரு சான்று. 1975இல் சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவுவதில் முதன்மை வகித்தார். மறு ஆண்டே அக்கழகம் கம்பராமாயணத்தை முழுமையாக ஒரே நூலாக வெளியிட்டது. வாலி வதையை ஆராயும் அவரது 'மூன்று வினாக்கள்', கம்பனிடம் அன்பு கொண்ட ஒருவர் கம்பனையே குறுக்கு விசாரணை செய்த நூல். தம் சமயத்துக்கு வெளியே பிறந்த காவியத்தை நண்பர்களோடு ஓதினார். ஓதும்போது நீதிபதியின் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நட்பும் நியாயமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

இன்று பகிர்தல் என்னும் சொல்லே பொருள் மாறிவிட்டது. கைப்பேசியில் ஒரு விரல் அசைவால் நூறு நூல்களின் மின்படிகள் நூறு நண்பர்களுக்குச் சென்றுவிடுகின்றன. அனுப்பியவர் படிப்பதில்லை, பெற்றவர் திறப்பதில்லை. அச்சில் இல்லாத அரிய நூல்கள் இவ்வழியில் கிடைப்பது பெரும் நன்மையே. வாழும் எழுத்தாளரின் நூலை அவரது இசைவின்றி இவ்வாறு பரப்புவது அவரது உழைப்பில் கைவைப்பதாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய இரவலில் கொடுப்பவர் ஒன்றை இழந்தார். நூல் திரும்பும் வரை அலமாரியில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிதான் பெற்றவரைப் படிக்கத் தூண்டியது. திருப்பிக் கொடுக்கும் நாளில் இருவரையும் பேச வைத்தது. இழப்பில்லாத கொடையில் அந்த உரையாடலுக்கு இடமில்லாது போகிறது.

நம் சமூகத்துக்கு இதில் தனியான ஒரு கவலையும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் பழைய வீடுகளில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் பெட்டிகளில் கிடக்கின்றன. முன்னோரின் சொத்து என்னும் மதிப்பால் அவற்றை எவருக்கும் கொடுப்பதில்லை. அரபு எழுத்தில் தமிழை ஓதத் தெரிந்தோர் குறைந்துவருவதால் வீட்டாரும் படிப்பதில்லை. கறையான் மட்டுமே அவற்றின் வாசகன். பெட்டியில் பூட்டிய நூல் பாதுகாக்கப்பட்ட நூலாகாது. ஓதத் தெரிந்த முதியவர் ஒருவர், அந்த எழுத்தைக் கற்க விரும்பும் இளைஞர் இருவர், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு வீட்டின் படி ஒன்று: இவ்வளவு இருந்தால் ஒரு முகாபலா அமர்வுக்குப் போதும். ஓதி முடித்த நாளில், கூடியிருந்தோரின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி அந்நூலுடன் வைக்கலாம். இடையில் உறங்கியவரின் பெயரையும் விட்டுவிட வேண்டியதில்லை.