புரூஃப் பார்ப்பவர்கள்

தொழிலில் இருக்கும் யாரும் 'புரூஃப் படிக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'புரூஃப் பார்க்கிறேன்' என்றுதான் சொல்கிறோம். அந்த வினைச்சொல்லில் தொழிலின் ரகசியம் இருக்கிறது. படித்தால் பிழை தப்பிவிடும். பழகிய கண் 'முயற்ச்சி'யை 'முயற்சி' என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்; பொருள் கிடைத்த பிறகு எழுத்து யாருக்கு வேண்டும்? பொருளைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, எழுத்தை ஓர் உருவமாகப் பார்க்கிறவரிடம்தான் அந்த உபரி ஒற்று சிக்கும். படம் வரையப் பழகும்போதும் முதல் பாடம் இதுவே. மூக்கு இப்படித்தான் இருக்கும் என்று மனம் சொல்வதை வரையாமல், எதிரே இருக்கிற மூக்கை வரைய வேண்டும். பகலில் புரூஃபும் இரவில் தூரிகையுமாக நாமக்கல்லில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில், இந்தச் சமவெளியில் இவ்விரு வேலைகளும் பதித்திருக்கும் தடங்களைத் தொகுத்துப் பார்க்க நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தத் தடம் வெ. இராமலிங்கம் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. 1888இல் மோகனூரில் பிறந்தவர். நாடு அவரைக் கவிஞராக அறிவதற்கு முன்பே ஓவியர். உருவப்படங்கள் வரைந்து குடும்பம் நடத்தியவர். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார், அவருடைய 'மலைக்கள்ளன்' 1954இல் திரைப்படமானது, தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவில் ஓவியர் இராமலிங்கம் பிள்ளை மறைந்துபோனார் என்பது என் தீராத வருத்தம். 'என் கதை'யைத் திறந்து பாருங்கள். ஆட்களை அவர் அறிமுகப்படுத்தும் விதத்தில், எதிரே உட்காரவைத்து முகம் பார்த்துப் பழகியவரின் நிதானம் தெரியும்.

அவர் காலத்திலேயே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இன்னொரு மேசை இருந்தது. 1925இல் ராஜாஜி அங்கே காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை அங்கிருந்து நடத்தினார், உதவிக்குக் கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றது. சென்னையிலிருந்து இவ்வளவு தொலைவில், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே, ஒரு பத்திரிகை நடந்தது என்பதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வருகிறது.

காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. 1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவத்தை அரசாணையாகப் பெற 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தை மறுபதிப்புக்காகக் கையில் எடுத்தால் தும்பிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் பக்கமெங்கும் நிற்கும். வடிவத்தை மாற்றிவிடலாம்; அதில் தகராறு இல்லை. ஆனால் பெரியாரின் வழியில் வந்த ஒருவர் 'அய்யா' என்றும் 'அய்ம்பது' என்றும் எழுதியிருந்தால் அதை 'ஐ' ஆக்குவதற்கு எனக்கு உரிமை இல்லை. அது பிழையல்ல, அவருடைய நிலைப்பாடு.

இங்கேதான் வேலையின் கடினமான பகுதி வருகிறது. திருத்துவதை ஓரிரு ஆண்டில் கற்றுக்கொள்ளலாம். 'சுவற்றில்' என்றிருந்தால் 'சுவரில்' என்று மாற்றவும், ஒற்று மிகும் இடம் மிகா இடம் பார்க்கவும் இலக்கண நூல்கள் இருக்கின்றன. மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியா அகராதி இருக்கிறது. திருத்தாமல் விடுவதற்குத்தான் கையேடு கிடையாது.

கொங்கு நாவல் ஒன்றில் 'சாளை' என்ற சொல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போட்டுக் குடியிருக்கும் வீடு. இந்தப் பக்கம் தெரியாத ஒருவர் பேனா எடுத்தால் அது 'சாலை' ஆகிவிடும். குடும்பமே தார்ரோட்டில் படுத்துத் தூங்கும்! 'வட்டல்' என்பதை 'வட்டில்' ஆக்குவார். 'ஒடக்கான்' ஓணானாகிவிடும். 'பொழுதோட வாரேன்' என்பதில் எழுவாய் விட்டுப்போயிருக்கிறது என்று ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். சாயங்காலம் வருகிறேன் என்று ஒரு மனுசன் சொல்லியிருப்பது அவர் காதில் விழாது. 1942இல் ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோதே இந்தப் பேச்சு நாவலுக்குள் வந்துவிட்டது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கு ஒரு சொல்லகராதி செய்தார். இங்கே பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைத் தொகுத்தார். அதை நாவலாசிரியர்களைவிட மெய்ப்புத் திருத்துநர்கள்தான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கையெழுத்துப் பிரதியில் ஒடக்கான்களை எல்லாம் ஓணான்களாக்கி அனுப்பினேன். ஆசிரியர் கோபப்படவில்லை. "எங்க ஊர்ல ஓணான் கெடையாதுங்க, ஒடக்கான்தான்" என்றார். அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு வேலை கற்றுத் தருகிறது.

கணினி வந்த பிறகு பிழைகளின் இனமே மாறிவிட்டது. கம்பாசிட்டர் காலத்தில் அச்செழுத்து தலைகீழாக நிற்கும், பக்கத்து எழுத்து புகுந்துவிடும், கண்ணுக்குத் தெரியும். இப்போது கண்ணுக்கே தெரியாத பிழைகள் வருகின்றன. 'கௌரி' என்பதில் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்தால் திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் அகப்படாது. 'ர்' போடும் இடத்தில் காலும் புள்ளியும் அடித்துவைப்பார்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது மேற்கோள் குறிகள் எங்கெங்கோ ஒட்டிக்கொள்ளும். வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள் பெரிய உதவி. முதல் சுற்றில் பாதிப் பாரத்தை அவை இறக்கிவைக்கின்றன.

நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஒருபுறம் ஸ்கேன் செய்த பக்கம், மறுபுறம் எந்திரம் எழுத்துணர்ந்து தந்த உரை. ஒருவர் பார்த்து முடித்தால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். கூலி கிடையாது, பெயரும் பெரிதாக வராது. தமிழில் இப்போது நடக்கும் பதிப்பு வேலைகளில் இதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூலி பக்கக் கணக்கு. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் கார்த்திகை, மார்கழி முழுக்க இரவு பகல் தெரியாது. மாசி பிறந்தால் கும்பாபிஷேக மலரும் கல்யாணப் பத்திரிகையும்தான் சோறு போடும்.

படத்தின் கதை வேறு. அரசுக் கவின்கலைக் கல்லூரியில் படிக்க இங்கிருந்து சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். கும்பகோணத்தில் ஓவியம் படித்த யூமா வாசுகி கவிஞராகவும் 'ரத்த உறவு' எழுதிய நாவலாசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இரண்டு கரைகளிலும் வாழ்ந்துகாட்டுகிறார். கொல்லிமலைக்கு அந்தப் பக்கம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம், தமிழ் எழுத்தே ஓர் ஓவியம் என்று புத்தகத் தலைப்புகளில் நிறுவினார். அவர் எழுதிய தலைப்புகளில் கோடு நடுங்கும், தடிக்கும், காய்ந்த தூரிகை போலத் தேயும்.

ஆதிமூலத்தின் தலைப்புகளைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு எழுத்துருவம் கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. முதலாளியின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் பலகையில் எழுதும் பெயின்டர், பென்சில் கோடு போட்டு, சுண்டுவிரலை ஊன்றி, 'ழ'கரத்தின் கொக்கியை ஒரே இழுப்பில் முடிப்பதைப் பள்ளி விட்டு வரும்போது நின்று பார்ப்பேன். ஸ்டிக்கர் வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் எழுத்துகளை ஒரு நோட்டில் பார்த்து வரைந்து சேர்த்துவருகிறேன். மோகனூர் சாலையில் வண்டி நிற்கும் டீக்கடைகளில்தான் பெரும்பாலும் வேலை. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு பெயரை முடித்துவிட வேண்டும். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. போன வாரம் ஒரு வண்டியில் 'அங்காளம்மன் துனை' என்றிருந்தது. மூன்று சுழி 'ணை'யாக இருக்க வேண்டும். நோட்டில் அது இருந்தபடியே, இரண்டு சுழியோடு வரைந்துகொண்டேன்.