சீஸ்பைரசி: பாதிக் குளத்தைப் பார்த்த படம்

2021ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'சீஸ்பைரசி' ஆவணப்படத்தை நண்பர் ஒருவர் சொல்லித்தான் பார்த்தேன். பார்த்தபிறகு ஒரு வாரம் வீட்டில் மீன் வாங்கவில்லை. ஆளை உலுக்குகிற படம்தான். இரண்டாம் முறை நிதானமாகப் பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது.

மீன் வளர்ப்பைப் பார்க்க இயக்குநர் அலி தப்ரிசி போகும் இடம் ஸ்காட்லாந்தின் சால்மன் பண்ணைகள். அங்கே அவர் சொல்வது சரி. சால்மன் ஊனுண்ணி. அதன் தீவனத்தில் சேரும் மீன்தூளுக்கும் மீன் எண்ணெய்க்கும் கடலில்தான் சிறு மீன்களைப் பிடிக்கணும். கூண்டில் நெருக்கி வளர்ப்பதால் கடல் பேன் தொல்லை வேறு.

ஆனால் மீன் வளர்ப்பு என்றால் சால்மன் மட்டுமா? உலகில் மிக அதிகம் வளர்க்கப்படுவது கெண்டை இனங்கள். கட்லா குளத்தின் மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரே தண்ணீர், மூன்று அடுக்கு. சாப்பாட்டுக்குப் பெரிய சண்டை இல்லை. 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்த நிலை அதன்பிறகுதான் மாறியது. இந்தப் பக்கத்தைப் படம் திரும்பியே பார்க்கவில்லை.

அதற்காக நம் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 1990களில் நாகைக் கரையோரம் இறால் குட்டைகள் பெருகியபோது, கிணற்றிலும் வயலிலும் உப்பு ஏறுகிறது என்று மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பாரம்பரிய முறை தவிர மற்ற இறால் குட்டைகளைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வைக்கக்கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ல் தனிச்சட்டம் வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உரிமம் கிடையாது என்று வைத்து, அதற்கு அப்பால் உரிமத்தோடு நடத்த வழிவிட்டது.

மீன் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று படம் முடிகிறது. அந்த இறாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போனது. தட்டு ஒரு நாட்டில், கிணறு இங்கே. வாங்குகிறவர் நிறுத்தினால் பண்ணை மூடும் என்று வாதிடலாம். அதுவரை கிணற்றுக்காரர் காத்திருக்கணுமா? குட்டையை எங்கே வெட்டலாம், கழிவுநீர் எங்கே போகும் என்ற முடிவில் அவருக்குக் குரல் இருக்கவேண்டும். இயற்கை வளத்தைப் பேணுவது என்று நான் புரிந்துகொள்வது அதைத்தான்.

படத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.