பத்துப் புள்ளி கணக்கு

நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் ஸ்கால்பிங் செய்பவர்கள் சொல்லும் நியாயம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பத்துப் புள்ளி கிடைத்ததும் வெளியே வந்துவிடு; பத்துப் புள்ளி எதிராகப் போனால் ஸ்டாப் லாஸ். பொசிஷனை வைத்துக்கொண்டு அமெரிக்கச் சந்தையை நினைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்னது உண்மை. மற்றதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2024 அக்டோபர் 1 அன்று ஃப்யூச்சர்ஸ் விற்பனைக்கான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. நிஃப்டி 25,000 என்றால் அந்த விகிதத்தில் வரி மட்டுமே 5 புள்ளி. முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், புரோக்கரேஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால், ஒரு லாட் வாங்கி விற்பதற்குள் ஏறத்தாழ 7 புள்ளி போய்விடும். ஜெயித்தால் கையில் 3. தோற்றால் 17 நட்டம். நூற்றுக்கு 85 முறை ஜெயித்தால்தான் போட்ட முதல் அப்படியே நிற்கும். ஆர்டர் கேட்ட விலையில் விழாமல் நழுவும் ஒன்றிரண்டு புள்ளிகளை நான் சேர்க்கவே இல்லை. ஸ்கால்பிங்கை நேரலையில் காட்டுபவர்களின் திரையில் மின்னும் பச்சை எண் இந்தக் கழிவுகளுக்கு முந்தையது. மாலையில் வரும் கான்ட்ராக்ட் நோட்டைத் திரையில் காட்டுபவர்கள் அபூர்வம்.

கட்டுப்பாடும் பயிற்சியும் இருந்தால் சமாளிக்கலாம் என்பார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஃப்யூச்சர்ஸில் டே டிரேடிங் தொடங்கிய 19,646 பேரின் கணக்குகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 300 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களிலேயே 97 சதவீதம் பேருக்கு நட்டம். குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். நாள்பட நாள்படக் கை தேறியதற்கும் தடயமில்லை. அவர்கள் எல்லோரும் ஸ்கால்பர்கள் அல்லதான். ஆனால் அடிக்கடி வாங்கி விற்பவருக்குச் செலவு கூடுமே தவிரக் குறையாது.

அப்படியானால் இந்த உத்தியே பொய்யா? இல்லை. சிகாகோ எக்ஸ்சேஞ்சின் வர்த்தகக் களமான பிட்டில் நின்ற ஸ்கால்பர்கள் வாங்குவோர் விலையில் வாங்கி, விற்போர் விலையில் விற்றார்கள். இடைவெளி அவர்களுடைய வருமானம். உறுப்பினர் என்பதால் கட்டணமும் சொற்பம். மார்க்கெட் ஆர்டர் போட்டு ஓடிப் பிடிக்கும் நம் ஆள் அதே இடைவெளியைக் கொடுக்கிறார். அந்தப் பழைய இடத்தில் இன்று இருப்பவை எக்ஸ்சேஞ்ச் சர்வருக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்ட கணினிகள். 2023-24இல் எஃப் அண்ட் ஓ சந்தையில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெற்ற லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ எனும் கணினி வர்த்தகம் வழியே வந்தவை என்கிறது செபி. இதில் ஆப்ஷன்ஸும் அடங்கும்.

ஆகவே, வீட்டிலிருந்து ஒரு லாட் போடுபவருக்கு நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் பத்துப் புள்ளி ஸ்கால்பிங் தேறாது என்பதே என் தீர்ப்பு. இலக்கையும் ஸ்டாப் லாஸையும் 50 புள்ளியாக்கினால், அதே செலவுக் கணக்கில் ஜெயிக்க வேண்டியது நூற்றுக்கு 57 ஆக இறங்குகிறது. அதற்குப் பல சமயம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை யாரும் ஸ்கால்பிங் என்று சொல்வதில்லை.