தானியேலின் மரக்கறி
தானியேல் நூலின் முதல் இயலை உடல்நல உணவுக்கு விதியாகக் காட்டுவார் பலர். பாபிலோன் அரசன் அளித்த உணவையும் மதுவையும் விலக்கி, பத்து நாள் மரக்கறியும் நீருமே கொண்ட நால்வரும் ஏனையோரினும் கொழுமையுற்றனர் என்பது கதை. (மெலிவை நாடும் இக்கால உணவு நூலார் அக்கொழுமையைக் கூறாது விடுவது நகைக்கத் தக்கது.) ஆயின், விலக்கியதற்கு நூல் கூறும் காரணம் நோயன்று, தீட்டே. மரக்கறியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'விதை' எனும் வேரினின்று பிறந்து, விதைத்து விளைவனவற்றைப் பொதுவாகச் சுட்டுவது. 1611இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு அதனைப் பயறு எனச் சுருக்கிற்று. இன்னும் ஒன்று. பத்தாம் இயலில் அதே தானியேல் துயருற்று மூன்று வாரம் இறைச்சியும் மதுவும் தவிர்த்தான் எனப்படுகின்றது. எனவே, ஏனைய நாளில் அவற்றை உண்டான் என்பது பெறப்படும். இதனை நோக்காது அவனைப் புலால் மறுத்தோன் என்பாருடன் யாம் உடன்படுமாறில்லை.