செய்தித்தாளின் வாக்கியமும் தாமாரின் சொல்லும்

நாகர்கோவிலில் கிடைக்கும் நாளேடுகளை ஒரு வாரம் தொடர்ந்து வாசிப்போர், பெண்கள்மேல் நிகழும் வன்முறை ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் எழுதப்படுவதைக் காண்பர். 'இளம்பெண் பலாத்காரம்', 'மனைவி வெட்டிக்கொலை' என்னும் பாங்கான தலைப்புகளில் பெண் இருக்கிறாள், கொடுமை இருக்கிறது, செய்தவன் இல்லை. உள்ளே அவன் வரும்போதோ, 'மனைவியின் நடத்தையில் சந்தேகமடைந்தவன்' என்ற காரணத்தோடு வருகிறான். இக்காரணத்தைச் சொன்னவன் யார்? பெரும்பாலும் காவல் நிலையத்தில் அவனே. காவலரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. ஏடோ அதை நடந்த செய்தியாகவே அச்சிடுகிறது. இறந்தவள் மறுத்துரைக்க வழியில்லை. 'கள்ளக்காதல்' என்ற ஒரு சொல்லே அவளை இரண்டாம் முறை கொல்லப் போதுமானது.

மாற்றமே நிகழவில்லை என்பது நேர்மையாகாது. பெண்ணிடமே ஏதோ அழிந்துவிட்டதெனக் காட்டும் 'கற்பழிப்பு' என்ற சொல் அருகி, 'பாலியல் வன்கொடுமை' வழக்கிற்கு வந்துள்ளது. பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடலாகாது என்ற சட்டம் 1983 முதல் உண்டு. ஆயினும் 2019இல் பொள்ளாச்சி வழக்கில் அதை மீறியது ஏடு அன்று, காவல்துறையும் அரசாணையுமே. இழப்பீடாக ரூ.25 இலட்சம் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு ஆணையிட்டது.

திருமறை இத்தகைய கொடுமையை எவ்வாறு அறிவிக்கிறது? 2 சாமுவேல் 13ஐ ஒரு செய்தி அறிக்கையாக வாசித்தல் பயனுடையது. அம்னோன் பெயரால் சுட்டப்படுகிறான். சூழ்ச்சி உரைத்த யோனதாபும் தப்பவில்லை. 'அவள் ஏன் தனியே போனாள்?' என்ற வினாவுக்கு அங்கே இடமேயில்லை, அனுப்பியவன் அரசனே. எல்லாவற்றினும் மேலாக, தாமார் பேசுகிறாள்: மறுக்கிறாள், வாதிடுகிறாள், துரத்தப்படும்போதும் அதன் அநீதியை எடுத்துரைக்கிறாள். அம்னோன் அவளைப் பெண் என்றும் கூறாது, எபிரெய மூலத்தில் 'இதை' என்று மட்டும் சுட்டி வெளியேற்றச் சொல்கிறான். ஆசிரியர் உடனே அவளது இராஜகுமாரத்தி உடையை விவரிக்கிறார். அவன் பறித்த மதிப்பை எழுத்து திருப்பித் தருகிறது. தாவீதைப்பற்றியோ, கோபங்கொண்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அரசன் நீதி வழங்கினதாக ஒரு வரியும் இல்லை. நம் பிரசங்க மேடைகள் இவ்வதிகாரத்தை அரிதாகவே தொடுகின்றன. தொட்டாலும் இளம்பெண்களுக்கு எச்சரிப்பாக மாற்றிவிடுகின்றன. அவ்வெச்சரிப்பு ஏட்டிலிருந்து வந்ததேயன்றி வேதத்திலிருந்து வந்ததன்று.

நம் மாவட்ட வரலாற்றிலும் இவ்வழக்கு உண்டு. 1858-59இல் சந்தைகளிலும் வீதிகளிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, சிற்றாலயங்கள் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26இல் வெளியான திருவிதாங்கூர்ப் பிரகடனமும், மேல்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்ற தடையோடேதான் உரிமை அளித்தது. இந்நிகழ்ச்சிகளுக்கு நாம் இன்னும் வழங்கும் பெயர் 'தோள்சீலைக் கலகம்'. கலகம் செய்தது சீலையா, அதை உடுத்தியவளா? கிழித்தவனுக்கு அப்பெயரில் இடமில்லை. திருச்சபை வரலாறு பயிலும் மாணாக்கர் இக்காலத்து மிஷன் அறிக்கைகளை மறுபடி வாசிக்கையில், ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யாரெனக் குறித்துக்கொண்டு செல்வாராக.